பப்பாளிப் பால் ஊறிய கறி

சர்க்கரை நோய் அத்தாவின் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டது. அம்மாவும் நானும் பல்செட் வாங்கிக் கொடுத்தோம். "குதிரைக்கு லாடம் அடிச்ச மாதிரி கீது" என்று கழற்றி வைத்துவிட்டார். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் தன் குரலாலேயே கடை நடத்திய மனிதர், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வாயே திறப்பதில்லை. கறி என்றால் உயிரை விடுபவர், சால்னாவைச் சோற்றில் பிசைந்து விழுங்கிவிட்டு எல்லோருக்கும் முன்னால் எழுந்துபோவார்.

அந்த பக்ரீத்துக்குக் கல்வராயன் மலையில் மேய்ந்து திரிந்த கிடா. கறி எவ்வளவு வெந்தாலும் ரப்பர்தான். நான் அப்போது கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். நொதிகள் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. பப்பாளிக்காய்ப் பாலில் புரதத்தை வெட்டும் நொதி உண்டு என்று படித்தபிறகு சும்மா விடுவேனா? கொல்லை மரத்துக் காயை அரைத்து, கொதிக்கிற குழம்பில் கொட்டினேன்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?" அம்மா அலறினாள்.

"பாரும்மா, பஞ்சாயிடும்!"

ஒன்றும் ஆகவில்லை. அத்தா ஒரு துண்டை ஈறுகளுக்கு நடுவில் புரட்டிப் பார்த்துவிட்டுத் தட்டோரம் வைத்தார். "எனக்கு சால்னாவே போதும்மா." எங்கள் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போனார்.

சே, எவ்வளவு பெரிய மடச்சி நான்! நொதியும் ஒரு புரதம்தானே. கொதியில் அதன் மடிப்பெல்லாம் அவிழ்ந்துவிடும். கறியின் புரதம் வந்து பொருந்த வேண்டிய பள்ளமே குலைந்தபிறகு அது எதைப் பிடிக்கும், எதை வெட்டும்? பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு அடுப்படியில் புத்தி வேலை செய்யவில்லை.

மறுநாள், ஃப்ரிட்ஜில் இருந்த மிச்சப் பச்சைக் கறியில், அடுப்பில் ஏற்றும் முன்பே பப்பாளி விழுதைப் பிசறினேன். அம்மா எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

"புளிப்பு ஜாஸ்தியானா அது சரியா வேலை செய்யாதும்மா. அப்புறமா பிழி."

"அப்போ உருளைக்கிழங்குக்கும் கொஞ்சம் தடவேன், சீக்கிரம் வேவும்."

"கிழங்குல கீறது மாவு. இது மாவத் திரும்பிக்கூடப் பாக்காது."

"உன்ன மாதிரியே அடம் புடிச்சது போல" என்றாள் அம்மா.

கொஞ்ச நேரத்தில் அடுப்பேற்றியிருக்க வேண்டும். அதற்குள் ரிஷிவந்தியத்திலிருந்து மாமி குடும்பத்தோடு வந்து இறங்கினார். பேச்சு சுவாரசியத்தில் கறியை மறந்தே போனேன். வெயில் காலம் வேறு. அந்த வெதுவெதுப்பில் நொதிக்கு ஒரே கொண்டாட்டம். ஏற்றிய கொஞ்ச நேரத்தில் கறி எலும்பை விட்டுக் கழன்று சால்னாவோடு கரைந்துவிட்டது.

"இது இன்னா, கறியா கூழா?" மாமி கரண்டியால் துழாவினார். விருந்தாளிகள் முன்னால் மானம் போயிற்று.

அத்தா மட்டும் அதை அள்ளிச் சோற்றில் பிசைந்தார். சாப்பிட்டார். தட்டை மறுபடியும் நீட்டினார். எல்லோரும் கை கழுவிவிட்டு வந்தபிறகும் உட்கார்ந்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து ஈறெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அடுத்த பெருநாளுக்கும் இப்படியே கெடுத்துடும்மா."

அவர் இருந்தவரை கெடுத்தேன்.