ஸ்வீடனிலிருந்து வந்த கேசட்

எங்கள் வீட்டில் ஸ்வீடனை யாரும் அயல்நாடாகக் கருதியதில்லை. குத்தாலத்துக்குப் பக்கத்தில் நாங்கள் போய்வந்த லுத்தரன் கோயில், அப்பா படித்த பள்ளிக்கூடம், நான் பிறந்த ஆஸ்பத்திரி எல்லாம் ஸ்வீடன் மிஷனரிகள் கட்டியவை. அந்த நாட்டில் குளிர் அதிகம், பாவம் குறைவு என்பது அப்பாவின் கணிப்பு.

எனக்கு ஒன்பது வயதானபோது, துபாயில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு டேப் ரிகார்டரும் ஒரு கேசட்டும் அனுப்பினார். பாடுகிறவர்கள் ஸ்வீடன்காரர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அமெரிக்கா வரை பிரபலம் என்று எழுதியிருந்தார். அப்பா கேசட்டை ஞானப்பாட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தார். அட்டைப் படத்தில் அந்தப் பெண்ணின் வெளுத்த தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

"டைபாய்டு வந்திருக்கும்," என்றார் அப்பா. "அப்படியும் புருஷனும் பொண்டாட்டியுமா ஊழியம் பண்றாங்க பாரு."

"புருஷன் பொண்டாட்டி இல்லண்ணே," என்றார் அத்தை. "சேர்ந்து பாடுறாங்க. அவ்வளவுதான்."

அத்தை அப்பாவின் தங்கை; ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்தவர். கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடினார். முதல் குரல் பாடியவர் கீபோர்டும் வாசித்த ஓர் இளைஞர். மாயவரத்திலிருந்து கும்பகோணம் வரை கல்யாண ஆராதனைகளுக்கு இருவரையும் சேர்த்தே அழைத்தார்கள். ஊர் பேசுகிறது, அறுப்பின் பண்டிகையோடு நிறுத்திக்கொள் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அத்தை வாதாடவில்லை. கேசட் அட்டையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். இரண்டு நாள் யோசித்த அப்பா, ஸ்வீடன்காரர்களே செய்கிறார்கள் என்றால் தப்பு இருக்காது என்று சொல்லித் தடையை நீக்கினார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. அத்தைக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டின் பொருளையும் எனக்குச் சொன்னவர், யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார்.

அறுப்பின் பண்டிகையன்று புது நெல், பூசணி, கோழி என்று காணிக்கைகள் கோயில் வாசலில் குவிந்தன. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவது வழக்கம். ஏலத்துக்கு முன் அத்தையும் கீபோர்டுக்காரரும் பாட வேண்டும். அதற்கும் முன்பாக அப்பா, யாரையும் கேட்காமல், கேசட்டை மைக் செட்காரரிடம் கொடுத்து, "ஸ்வீடன் சபையாரின் பாடல்" என்று அறிவித்தார்.

முதல் பாட்டு மெதுவானது. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள். இரண்டாவதில் டிரம் அதிர்ந்தது. கட்டிவைத்திருந்த கோழிகள் சிறகடித்தன. அப்போதும் முக்காட்டை யாரும் எடுக்கவில்லை. அத்தை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குருவானவர் அப்பாவிடம் வந்து தணிந்த குரலில், "ஐயா, இது ஞானப்பாட்டு இல்லைங்க. காதல் பாட்டு," என்றார்.

அப்பா தானே போய் நிறுத்தினார். பிறகு அத்தையிடம் வந்தார். "சேர்ந்து பாடுறாங்க, அவ்வளவுதான்னு சொன்னியே. எதைப் பாடுறாங்கன்னு சொன்னியா?"

ஏலம் பூசணியில் தொடங்கியது. அத்தையும் கீபோர்டுக்காரரும் அன்றும் பாடவில்லை, பிறகும் பாடவில்லை. அத்தை பாடகர் குழுவிலிருந்தே விலகிக்கொண்டார்.

மறு வருஷம் கீபோர்டுக்காரர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். விடைபெற வந்த அன்று அத்தை அழுவார் என்று காத்திருந்தேன். "பத்திரமா போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஊரைப் போலவே நானும் அதை ஒரு காதல் கதை என்று முடிவுகட்டியிருந்தேன்.

பல வருஷங்கள் கழித்து, நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்துக்காக அந்த ஸ்வீடன் ஜோடியைப் பற்றி எழுதினேன். இருவருக்கும் வேறு வேறு குடும்பம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சேர்ந்து பாடியிருந்தார்கள். கடைசிப் பயணங்களில் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து பாட, அவர் பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்தார். திருச்சியில் மணமாகிப் பேரனும் எடுத்துவிட்ட அத்தைக்கு அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல," என்றார். பிறகு, "நாற்காலி போட்டுமா பாடினாங்க?" என்று கேட்டார்.

அந்தப் பண்டிகைக்குப் பிறகு, கல்யாணமாகிப் போகும்வரை, பாடகர் குழு பாடும் நேரங்களில் அத்தை பெண்கள் வரிசையில் என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். உதடுகள் சத்தமில்லாமல் அசையும். ஜெபம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.