கசப்பு மேடம்

அடையாள அட்டையில் இருந்த பெயர் வேறு. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோர் வாயிலும் நின்ற பெயர் 'கசப்பு மேடம்'. ஆள் என்னவோ படு கலகலப்பு. கரிம வேதியியல் படித்துவிட்டு மருந்து நிறுவனத்தில் சேர்ந்தவர், முதல் எட்டு வருடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைச் செய்து பார்த்தார். ஒன்றாவது மருந்தானதா? இல்லை. "நான் செய்யறதெல்லாம் பாட்டில்ல அழகா இருக்கு, உடம்புக்குத்தான் ஒத்துக்க மாட்டேங்குது" என்று அவரே சிரித்துக்கொள்வார்.

நிறுவனம் விற்ற காய்ச்சல் மருந்து ஒன்று பெரியவர்களிடம் நன்றாகவே வேலை செய்தது. குழந்தைகளிடம் மட்டும் பாதிக்குப் பாதி தோற்றது. காரணம் கண்டுபிடிக்க அவரை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வார்டில் கால் மணி நேரம் நின்றதுமே விளங்கிவிட்டது. ஒரு தாய் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்க, தகப்பன் மருந்தை வாயில் ஊற்றினார். பிள்ளை அதை அப்படியே அவர் மேலேயே துப்பியது.

"தினமும் இதே கூத்துதாங்க. இவன் வயித்துக்குப் போனதைவிட இவரு சட்டைக்குப் போனதுதான் ஜாஸ்தி" என்றார் தாய்.

மேடம் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டிவிட்டது. சர்க்கரைப் பாகில் கலந்தும் அந்தக் கசப்பு!

நேரே மேலாளரிடம் போய் நின்றார். "சார், மூலக்கூறையே கொஞ்சம் மாத்தணும்."

"நோயைக் குணப்படுத்தறதுதான்மா நம்ம வேலை. நாக்கை இல்ல."

"நாக்கைத் தாண்டினாத்தானே சார் நோய்கிட்ட போக முடியும்?"

மேலாளர் நாட்காட்டியைப் புரட்டினார். ஒரு வருடம் அவகாசம் கொடுத்தார்.

யோசனை எளிமையானதுதான். மூலக்கூறின் முனையில் கொழுப்பு அமிலத்தால் ஒரு வால் ஒட்டிவிட்டால் அது எச்சிலில் கரையாது. கரையாததை நாக்கு அறியாது. குடலில் உள்ள நொதிகள் வாலை வெட்டிவிட, பழைய மருந்து வெளியே வரும். காகிதத்தில் எல்லாம் ஜோர். செய்து பார்த்தால், குட்டை வாலுக்குக் கசப்பு அசையவே இல்லை. நீள வாலுக்குக் கசப்பு போனது, கூடவே மருந்தும் ரத்தத்துக்கு வராமல் போனது.

பாதுகாப்புச் சோதனைகளில் தேறியவற்றை ருசி பார்க்க, விருப்பப்பட்டவர்களைக் கூப்பிட்டார்கள். வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அதில் கில்லாடி, கேன்டீன் சமையல்காரர்.

"முதல்ல ஒண்ணும் தெரியல மேடம். பத்து எண்ணறதுக்குள்ள தொண்டையோரமா எட்டிப் பாக்குது."

"நிஜமாவா அண்ணா? மத்தவங்க யாரும் சொல்லலையே!"

"அவங்க நாக்கை வெச்சா நான் சமைக்கிறேன்?"

பதினேழாவது வாலுக்கு அவர் நூறு வரை எண்ணிவிட்டு, "என்ன மேடம், வெறும் தண்ணியைக் குடுத்துட்டீங்களா?" என்றார். மேடம் குதிக்காத குறை. ரத்தப் பரிசோதனையிலும் அது தேறியது.

வெளியீட்டுக்குத் தேதி குறித்தாயிற்று. அப்போதுதான் ஆறு மாதம் அலமாரியில் இருந்த பாட்டில்களைச் சோதித்தார். ருசி மாறவில்லை, ஆனால் மருந்து ரத்தத்தில் ஏறவில்லை. பாகில் கரையாமல் மிதந்த மருந்துத் துகள்கள் பாட்டிலுக்குள்ளேயே வேறு வடிவப் படிகமாக இறுகியிருந்தன; நொதிகளால் வாலைத் தொட முடியவில்லை. வேறு யாரும் இன்னும் கவனிக்கவில்லை. அன்றே மேலாளரிடம் போனார்.

"நிறுத்திடுங்க சார். பிள்ளைங்க சந்தோஷமா குடிப்பாங்க. காய்ச்சல்தான் போகாது."

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வெளியே கணவர் குரல்: "இன்னும் எத்தனை வருஷமாகும்?"

"ரெண்டு."

"சரி, முகத்தைக் கழுவிட்டு வா. சாப்பிட்டுட்டு ஆரம்பி."

இரண்டு மூன்றானது. துகள்கள் உருமாறாமல் பிடித்துவைக்க ஒரு பசை கிடைத்தது. மருந்து கடைக்கு வந்தது.

மூன்றாம் மாதம் மருத்துவமனையிலிருந்து ஒரு புகார்க் கடிதம். மேடம் உடனே பிரித்தார். பிள்ளைகள் இன்னொரு ஸ்பூன் கேட்டு அடம்பிடிக்கிறார்களாம். ஒருத்தி நாற்காலி போட்டு ஏறிப் பாட்டிலை எடுத்தேவிட்டாளாம், நல்ல வேளை நர்ஸ் பார்த்துவிட்டார். தயவுசெய்து மூடியை மாற்றுங்கள்!

படித்துவிட்டு மேடம் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். சிரித்து முடித்ததும் அவர் முதலில் செய்தது, மூடி செய்பவருக்குப் போன் போட்டதுதான். அழுத்தித் திருகும் மூடியோடு முதல் பாட்டில் வந்தபோது வீட்டுக்கு எடுத்துப்போனார். கணவர் மூக்கு சிவக்கத் திருகிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது பிள்ளைங்களைத் தடுக்கற மூடியா, பெத்தவங்களைத் தடுக்கற மூடியா?"

"தள்ளுங்க" என்று மேடம் புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து அழுத்தினார். மூன்றாவது திருகலில் திறந்தது.