கட்டத்துக்குள் போன புருஷனை மீட்டுத் தந்தார் கொளஞ்சியப்பர்

எனக்குப் பிள்ளை பிறக்காது என்று ஒரு லேப்டாப் சொன்னது. அதை நம்பி ஒரு குடும்பமே என்னைக் கைகழுவியது. மணவாளநல்லூர் முருகன் கொளஞ்சியப்பரை நம்பி இருக்கும் அக்கா தங்கச்சிகளே, அண்ணன் தம்பிகளே, எனக்கு நடந்ததை நீங்களும் கேட்க வேண்டும்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் பிசிறு சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிற வேலை. வாழ்க்கைப்பட்டது ஸ்ரீமுஷ்ணம் பக்கம். புருஷன் எலக்ட்ரீஷியன். கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. டாக்டரிடம் போகலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டுவார், கிளம்ப மாட்டார். ஜோசியரிடம் என்றதும் முதல் ஆளாகச் சட்டையை மாட்டினார்.

போன தை மாதம் மாமியார் எங்களை அழைத்துப் போனார். மாடியில் ஏசி ரூம். ஜோசியருக்கு நெற்றியில் பட்டை, காதில் ப்ளூடூத், மேஜையில் லேப்டாப். ராசிக் கட்டத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அதெல்லாம் மேலோட்டம்மா. ராசிய இன்னும் பொடிசாப் பிரிச்சிக் கட்டம் போடணும். கல்யாணத்துக்கு நவாம்சம், புள்ளைக்கு சப்தாம்சம். உள்ள பூந்து பாக்கணும்" என்றான்.

பூந்து பார்த்தான். "இந்தப் பொண்ணுக்கு சப்தாம்சத்துல அஞ்சாம் எடத்துல சனியும் கேதுவும் உக்காந்திருக்குது. புள்ள பாக்கியம் இல்லீங்கம்மா. ஆனா ஒங்க பையனுக்கு நவாம்சத்துல ரெண்டாந்தாரம் இருக்குது. அதுல வம்சம் உண்டு."

நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னான். மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கிறவன்கூட இதைவிட மரியாதையாகப் பேசுவான். எங்கள் பட்டறையில் சூளை வைக்கிறவரிடம், எந்தப் பொம்மை வெடிக்கும் என்று கேட்டால், "தொறந்து பாத்தாத்தான் தெரியும்" என்பார். இவனுக்கு என் வயிறு லேப்டாப்பில் தெரிந்துவிட்டதாம்! நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனியும் கேதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. அவர் நிமிராததுதான் வலித்தது.

அடுத்த வாரமே மாமியார், "கொஞ்ச நாளு ஒங்கம்மா வூட்ல இருந்துட்டு வாம்மா" என்றார். புருஷன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "போயிட்டு வரேன்" என்றார். வரவில்லை. போனும் இல்லை. மாசியில், அவருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தது. அன்றைக்குப் பட்டறையில் பிசிறு சீவுகிற கத்தி பெருவிரலில் இறங்கியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மணவாளநல்லூருக்குப் போய் பிராது கட்டினேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதுபோல நம் குறையைத் தாளில் எழுதி, கொளஞ்சியப்பர் காலடியில் வைத்து, எதிரே நிற்கும் காவல் தெய்வம் முனியப்பரின் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்பது எங்கள் நம்பிக்கை. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "புள்ள வரந்தானே கண்ணு?" என்று கேட்டார். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுதினேன்: 'என் புருஷனை ஒரு கட்டம் பிடித்து வைத்திருக்கிறது. எந்தக் கட்டமும் பார்க்காமல் அவராக வந்து என்னை அழைத்துப் போக வேண்டும்.'

பங்குனியில் ஒரு நாள் என் அம்மாவிடம், நான் பிறந்த நேரத்தை யார் பார்த்தது என்று கேட்டேன்.

"யாரு பாத்தா? நீ பொறந்து, அழுது, பால் குடிச்சித் தூங்கிட்ட. அப்பறந்தான் ஒங்கப்பா ஷிப்ட் முடிஞ்சி வந்தாரு. அப்ப மணி ரெண்டு. அதையே எழுதிட்டாரு. ஒண்ணு, ஒண்ணேகால் இருந்திருக்கும்."

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அழுதேன். என் அப்பா சைக்கிளை நிறுத்திய நேரத்துக்கு ஒருவன் என் கர்ப்பத்தைக் கணித்திருக்கிறான். ஆத்திரத்தில் புருஷனுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

நான்கு நாளில் மாமியார் போன் செய்தார். குரலில் தேன். "ஜோசியருகிட்ட புது நேரம் குடுத்தோம் தங்கம். சப்தாம்சம் பதினேழு நிமிசத்துக்கு ஒருக்கா மாறிடுமாம், தப்பா நேரம் குடுத்தா அவரு என்னா பண்ணுவாரு? இப்ப குரு பாக்குறாராம். ரெண்டு புள்ளையாம்! பஞ்சமியன்னிக்கி காலைல ஒம்பதரைக்குள்ள வூட்டுக்கு வந்துடு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முதலில் மலடி, இப்போது இரண்டு பிள்ளைக்காரி. நடுவில் மாறியது மணி மட்டும்தான்.

"நான் வரலீங்க அத்தை. நாளைக்கி இன்னொருத்தன் நிமிசத்த நவுத்துனா திரும்ப பொட்டியக் கட்டணுமா?" என்றேன். போனை வைத்துவிட்டார்.

"வலிய வர்ற வாழ்க்கைய எட்டி ஒதைக்கிறியேடி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் பயம்தான், மறைக்கவில்லை. பஞ்சமி போயிற்று. சித்திரை போயிற்று. "கொளஞ்சியப்பா, நான் கேட்டது இது இல்லை என்று உனக்குத் தெரியும்" என்று தினமும் சொல்லிக்கொண்டே பிசிறு சீவினேன்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி. பட்டறை வாசலில் பைக் சத்தம். முழங்கை வரை களிமண்ணோடு வெளியே வந்தேன். என் புருஷன் இளைத்துப்போய் நின்றார்.

"கெளம்பு" என்றார்.

"ராகு காலம் ஓடுது" என்றேன்.

"தெரியும். காலண்டரப் பாத்துட்டுத்தான் வந்தேன். அம்மா வேணாம்னுதான் சொன்னாங்க. நாளைக்கி ரெண்டு பேரும் டாக்டருகிட்ட போவோம். எனக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லு."

அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னாலும், வாய்விட்டு அழுதேன். கொளஞ்சியப்பா, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

கோயிலுக்கு இருவருமாகப் போய்ப் பிராதை ராஜினாமா செய்துவிட்டு வந்தோம். கேட்டது கிடைத்தால் அப்படித் திரும்பப் பெறுவதுதான் வழக்கம். இப்போது விருத்தாசலத்திலேயே வாடகை வீடு. மருந்து சாப்பிடுகிறோம். மாமியார் பண்டிகைக்கு வந்து போகிறார், நட்சத்திரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இதைச் சொன்னால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "புள்ள உண்டாச்சா?" இல்லை. உடனே முகம் சுருங்குகிறது. பிள்ளை வந்தால்தான் சாமி கண் திறந்ததாக அர்த்தம் என்றால், உங்களுக்கும் அந்த ப்ளூடூத்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

என்னைப்போல் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சன்னதிக்கு வாருங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஊரார் சொல்வதை எழுதாதீர்கள். நான் பிள்ளை கேட்டுப் போனவள் இல்லை. புருஷனைக் கேட்டுப் போனவள். ஏழு வருஷம் கழித்து, ராகு காலத்தில், எனக்குப் புருஷன் கிடைத்தார்.