மூடியைத் திறந்தது நான்தான்

அந்தக் குக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். காரியத்தைக் கெடுத்ததும் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் பாதியிலேயே எங்கள் அத்தாவை, எங்களைப் பெற்றவரை, திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். அவர் பேரில் தப்பு ரொம்பக் கம்மி.

அம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது நான் மதுரையில் பி.ஏ. முதல் வருஷம், ஹாஸ்டல் வாசம். தங்கச்சி திண்டுக்கல்லில் பத்தாவது முடித்திருந்தாள். அப்போதெல்லாம் பதினொன்றாவதுதான் எஸ்.எஸ்.எல்.சி., இன்னும் ஒரே வருஷம். வீட்டில் அவளும் அத்தாவும் மட்டும்தான். அத்தாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை, பதனிட்ட தோலைத் தரம் பிரித்து அடுக்குவது. கூடவே வயிற்றுப் புண். ஒன்றரை மணிக்குச் சூடாக, குழைவாக ஏதாவது உள்ளே போயாக வேண்டும், தள்ளிப்போனால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தங்கச்சியின் பள்ளிக்கூடமோ ஊரின் மறுகோடி. மத்தியானம் வந்து சமைத்துவிட்டுத் திரும்ப வழியே இல்லை. அதனால் அத்தா ஒரு நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, படிச்சது போதும்மா என்று சொல்லிவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்று தங்கச்சி எனக்குக் கார்டு எழுதியிருந்தாள். அழுதாளா இல்லையா என்று எழுதவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன செய்ய? அப்போதுதான் ஹாஸ்டலுக்கு எதிர் மாடியில் இருந்த டியூட்டர் ஞாபகம் வந்தது. கல்யாணமாகாத ஆசாமி. அவரிடம் ஒரு பித்தளைக் குக்கர் உண்டு, முழங்கால் உயரம். அடியில் கரித் தட்டு, அதற்கு மேலே தண்ணீர், அதற்கும் மேலே மூன்று டப்பா அடுக்கு. காலையில் கரியைப் பற்றவைத்து, மூடி, கொக்கியை மாட்டிவிட்டுக் கிளாஸுக்குப் போய்விடுவார். அது பாட்டுக்கு மெதுவாக வெந்துகொண்டிருக்கும். மத்தியானம் வந்து திறந்தால் சோறு, பருப்பு, காய் எல்லாம் ஆவி பறக்கும். மனுஷனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இனி எதற்கு சார் இது என்று கேட்டு, கையோடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நடு வீட்டில் குக்கரை வைத்து நான் அடித்த லெக்சர் இருக்கிறதே. நீராவி, வெப்பம், உலகம் எங்கேயோ போய்விட்டது, நீங்கள் இன்னும் விறகடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அரை மணி நேரம். அத்தா, ம்ம் என்றார். தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கரி பாதியில அணஞ்சு போச்சுன்னா என்னண்ணே செய்யிறது?"

எனக்குத் தெரியவில்லை. அதெல்லாம் அணையாது போ என்றேன்.

அவள்தான் கண்டுபிடித்தாள். கோடை லீவு முடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். பருப்பை விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கே ஊறப்போட்டு அடி டப்பாவில் வைக்க வேண்டும். அரிசி நடுவில், கத்திரிக்காயோ பூசணியோ மேலே. கரி நன்றாகக் கனிந்ததும் சாம்பலைத் தூவிவிட்டால் அவசரப்படாமல் எரியும். முதல் நாள் ஆசையில் நடுவே ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டாள். ஆவி போயிற்று. மறுபடி சூடேறி வருவதற்குள் கரி தீர்ந்தது. மொத்தமும் அரைவேக்காடு. அதோடு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. குக்கரை யாரும் திறக்கக் கூடாது. அவள் இல்லாதபோது திறந்தால் மேற்கொண்டு கரி போட ஆள் கிடையாது.

அத்தா ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு தடவை வயிறு கெட்டால் அன்றோடு படிப்பை மூட்டை கட்டிவிட வேண்டும் என்றார். தங்கச்சி யோசிக்கவே இல்லை, சரித்தா என்றாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. ஒன்பது மணிக்குக் குக்கருக்குக் கொக்கி மாட்டி, வீட்டைப் பூட்டிவிட்டுப் போவாள். ஒன்றரைக்கு அத்தா வந்து, நிலைக்கு மேலே வைத்திருக்கும் சாவியை எடுத்து, கதவைத் திறந்து, தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஷாப்புக்குத் திரும்புவார். எனக்கு வாராவாரம் கார்டு வரும். அதில் கணக்கில் எண்பது வாங்கியதும் பருப்பு மசிந்திருந்ததும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். அந்தச் சின்னக் கார்டுக்குள் அம்புட்டுச் சந்தோஷத்தை எப்படித்தான் அடைத்தாளோ.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலேஜுக்கு லீவு. கிளாஸ்மேட்டுகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் வந்தேன். மலைக்கோட்டை ஏறுவதாகப் பிளான். போகிற வழியில் பையைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்குப் போனோம். மணி பத்தரை இருக்கும். அடுக்களை மூலையில் குக்கர் லேசாக முனகிக்கொண்டு இருந்தது.

செம்பட்டிக்காரன் ஒருத்தன், வாய் ஜாஸ்தி. "என்னடா மாப்ள, ரயில் எஞ்சினுக்குக் குட்டி பொறந்த மாதிரி நிக்கிது? இதுல எங்கிட்டுச் சோறு வேகுது, சும்மா அளக்காத" என்றான்.

இவ்வளவுதான் அவன் சொன்னது. நான் சட்டத்தை மறக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு நிமிஷம் திறந்தால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன். கொக்கியை எடுத்தேன், அடுக்கை வெளியே தூக்கினேன், டப்பா டப்பாவாகக் கழற்றித் தரையில் பரப்பி மறுபடியும் லெக்சர் அடித்தேன். அரிசி அப்போதுதான் மலர ஆரம்பித்திருந்தது. செம்பட்டிக்காரன் ஒரு கத்திரிக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டு, இன்னும் வேகலப்பா என்றான். சிரித்தோம். கைக்கு வந்த வரிசையில் டப்பாக்களை அடுக்கி உள்ளே இறக்கி மூடினேன். ஒரு நிமிஷம் என்று நினைத்தது கால் மணி நேரம் ஆகியிருந்தது. கரித் தட்டை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மலைக்கோட்டையில் நல்ல காற்று. அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலில் குதிரை வண்டி நின்றது. அத்தா பாயில் சுருண்டு படுத்திருந்தார். அரைவேக்காட்டுச் சோற்றை வீணாக்க மனமில்லாமல் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு ஷாப்புக்குப் போயிருக்கிறார். அங்கே வலி தாங்காமல் தோல் கட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாராம். கூட வேலை பார்ப்பவர்கள் டாக்டரிடம் காட்டி, வண்டி பிடித்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். தங்கச்சி பள்ளிக்கூடப் பாவாடை தாவணி மாற்றாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

குக்கர் திறந்து கிடந்தது. பருப்பு டப்பா மேலே, காய் டப்பா அடியில். அவள் பார்த்திருக்கிறாள். மூலையில் என் பையையும் பார்த்திருக்கிறாள்.

அத்தா மெதுவாக, என்னம்மா ஆச்சு இன்னிக்கி என்று கேட்டார். நான் வாசல்படியிலேயே நின்றேன். தங்கச்சி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அத்தா பக்கம் திரும்பினாள்.

"கரி ஈரமா இருந்துச்சுத்தா. நான் பாக்காம போட்டுட்டேன்."

அத்தா கண்ணை மூடிக்கொண்டார். "நாளையிலருந்து வீட்லயே இரும்மா" என்றார்.

"சரித்தா."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாதது ஒன்றைத் திறந்துவிட்டு, திறக்க வேண்டியதை மூடிக்கொண்டு நின்ற ஆள் நான். அத்தாவுக்கு இந்த நிலையில் எதுக்கு டென்ஷன், அப்புறம் சொல்லிக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மறுநாள் காலை மதுரைக்குப் பஸ் ஏறினேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் பள்ளிக்கூடத்தில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். பிறகு எனக்குப் பரீட்சை வந்தது. பிறகு அவளுக்கு மாப்பிள்ளை வந்தது, அகரத்தில் தோட்டம் துரவு உள்ள குடும்பம். கார்டு வருவது மட்டும் அந்த வியாழக்கிழமையோடு நின்றுபோயிருந்தது.

நிக்காஹுக்கு முந்தின நாள் அவளைத் தனியாகப் பிடித்து, ஏன் புள்ள அன்னிக்கி என்னைச் சொல்லல என்று கேட்டேன். மருதாணி வைத்த கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லுவன்னு பாத்தேன்ணே. நீ பஸ் ஏறுற வரைக்கும் பாத்தேன்" என்றாள்.

இப்போது அத்தா தனி ஆள். எனக்கு மதுரையில் ஆபீஸ் வேலை. போன மாதம் லீவில் வீட்டுக்குப் போனால், அடுக்களையில் அதே குக்கர் முனகிக்கொண்டு இருக்கிறது. அத்தாதான் வைத்திருந்தார். அவள் கல்யாணமாகிப் போகும்போது எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாளாம். சாம்பல் தூவுவதுகூட அவள் மாதிரியே தூவுகிறார்.

சாப்பிட உட்கார்ந்தோம். பருப்பு மெழுகு மாதிரி மசிந்திருந்தது. அத்தா சொன்னார், "ரெண்டு வருசமா வைக்கிறேன்ப்பா. மழைக்காலத்துல நசநசத்த கரியக்கூடப் போட்டுப் பாத்துட்டேன். செத்த நேரம் கூட ஆகுமே ஒழிய வேகாம இருந்ததில்ல. அன்னிக்கி மட்டும் என்ன கேடோ. புள்ளைய அவசரப்பட்டு நிப்பாட்டிட்டேன்."

சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். சொன்னேன். செம்பட்டிக்காரன், கத்திரிக்காய், மலைக்கோட்டை எல்லாவற்றையும் சொன்னேன். அத்தா கடைசியில்தான் கேட்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்த்தா."

 "அப்ப இத்தன வருசமா நான் ஒருத்தன்தான் தெரியாம சாப்ட்டுக்கிட்டிருந்திருக்கேன்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அகரத்துக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போனார். வழியில் பள்ளிக்கூடத்தில் இறங்கி, வெளியிலிருந்து பரீட்சை எழுத முடியுமா என்று விசாரித்து, ஒரு ஃபாரமும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். சாயங்காலம் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டைப் பையில் ஃபாரம் மடித்தபடியே இருந்தது.

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"எழுதுறியாம்மான்னு கேட்டேன். கையில வாங்கிப் பாத்தா. ரெண்டு பக்கமும் படிச்சா. புள்ளைக்குப் பால் காச்சணும்த்தான்னு எங்கிட்டயே குடுத்துட்டு உள்ள போயிட்டா."