தாய்த்தொட்டியில் இரண்டாவது பள்ளம்

மீன் பண்ணையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மீன்களுக்குத் தீனி போடுகிறவள், ஆகவே தீனியக்கா. பேருந்து ஓட்டும் அவள் கணவரோ, தனக்கு முன்னால் மீனுக்குச் சாப்பாடு போடுகிறவளைக் கட்டிக்கொண்டதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் திரிவார். அது உண்மை என்பதால்தான் அவளுக்கு எரிச்சல் வரும்.

பண்ணையின் பெரிய கொட்டகையில், குளங்களுக்கு விற்கும் குஞ்சுகள் வளர்ந்தன. ஆண்மீன் சீக்கிரம் பருக்கும். அதனால் அத்தனை குஞ்சுகளையும் ஆணாக்கிவிடுவார்கள். மந்திரமெல்லாம் இல்லை, தீனியில் கலக்கும் மருந்துதான். ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்ற மீனின் உடம்பில் ஒரு ஜீன் இருக்கிறது. மருந்து அதன் வேலையை முடக்கிவிட்டால், பெண்ணாகப் பிறந்ததும் ஆணாக வளரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பண்ணையைக் கவனிக்கும் டாக்டரம்மா இதை விளக்கியபோது அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. மனுஷிக்கு எதுதான் பழகாது?

சின்னக் கொட்டகையில் ஒரே ஒரு தொட்டி, தாய்த்தொட்டி. வற்றிப்போன ஓர் ஏரியிலிருந்து அள்ளி வந்த ஒரு ஜோடி அதில் இருந்தது. அந்த இனத்தில் மிச்சம் அந்த இரண்டும்தான். பெண்மீன் முட்டையிட்டால் இனம் பிழைக்கும், இல்லாவிட்டால் முடிந்தது கதை. டாக்டரம்மா தினமும் வந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார். பெண்மீனோ தீனியைத் தொடாமல் மெலிந்துகொண்டே வந்தது.

தீனியக்கா என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். புழு போட்டாள், ஊறவைத்துப் போட்டாள், கெஞ்சிக்கூடப் பார்த்தாள். கடைசியில், பெரிய கொட்டகைச் சல்லடையில் தங்கிய, மருந்து கலந்த தீனித் தூளை ஒரு சிட்டிகை தூவினாள். மீன் பாய்ந்து வந்து தின்றது. மருந்து பொடிக்குஞ்சில்தான் பலிக்கும், வளர்ந்த மீனை ஒன்றும் செய்யாது என்பது கொட்டகையில் எல்லோரும் சொல்லும் பேச்சு. அவளுக்கும் அது வசதியாக இருந்தது, நம்பினாள். தினமும் தூவினாள். மீன் தேறியது. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டியபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு பெண்மீனின் துடுப்போரம் ஆண்மீனுடையதைப்போல் சிவக்கத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் தொட்டியின் மூலை மணலில் ஒரு பள்ளம் தெரிந்தது. பெண் வந்து முட்டையிடுவதற்காக ஆண்மீன் வாயால் மணலை அள்ளித் துப்பிப் பள்ளம் பறிக்கும். ஆனால் ஆணின் பள்ளம் எதிர் மூலையில் இருந்ததே! அவள் மூச்சுக்கூட விடாமல் நின்று பார்த்தாள். பெண்மீன் வந்தது. வாய் நிறைய மணலை அள்ளியது, துப்பியது. ஒரு சத்தம் இல்லை. திரும்பி அவளைப் பார்த்தது, மறுபடி அள்ளியது.

தூளை அன்றே நிறுத்திவிட்டாள். கையை விட்டுப் பள்ளத்தை நிரவினாள். மறுநாள் அதே இடத்தில் அதே பள்ளம். டாக்டரம்மா வருவதற்கு முன்னால் நிரவுவது அவளுக்கு அன்றாட வேலையாகிவிட்டது. நிரவ நிரவ, தண்ணீருக்குள் யாரோ பிடிவாதமாகத் தன்னை எதிர்த்துப் பேசுவதுபோல் அவளுக்குப் பயமாக இருந்தது.

கணவரிடம் மட்டும் சொன்னாள். கேலி செய்ய வாயைத் திறந்தவர் அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"போய்ச் சொல்லிடு. வேலை போனாப் போகுது," என்றார்.

"வேலைக்காக இல்லங்க. வித்தியாசமா எது தெரிஞ்சாலும் அங்க அறுத்துப் பாப்பாங்க. நான் ஊட்டித் தேத்தின உசுருங்க அது."

அடுத்த காலையில் போனபோது பள்ளம் ஒன்றுதான் இருந்தது. பெண்மீனுடையது. எதிர் மூலையில் ஆண்மீன் செதில் பிய்ந்து, வயிறு மேலாக மிதந்தது. பள்ளம் பறிக்கும் வயதில் ஒரே தொட்டியில் இரண்டு ஆண் இருந்தால் ஒன்று மற்றதைக் கொன்றுவிடும். பெரிய கொட்டகையில் எத்தனையோ முறை பார்த்ததுதான். இங்கே அதை நினைக்க மனம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அறுத்திருக்க மாட்டேன்க்கா," என்றார். "இருந்த ஒரே தாயை யாராவது அறுப்பாங்களா? அந்த ஜீன் பெரிய மீனுக்கும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கணும், அப்பதான் அது பெண்ணா நீடிக்கும். நீங்க தூளை நிறுத்தினப்பவே அது திரும்ப ஆரம்பிச்சிருக்கும். ரெண்டையும் பிரிச்சு வச்சிருந்தா போதும்."

அவர் சொன்னபடியே நடந்தது. மெல்ல மெல்லச் சிவப்பு வெளுத்தது, மணல் அள்ளுவது நின்றது, வயிறு உருண்டது. ஒரு நாள் காலை, மணலில் பொன் நிறத்தில் முட்டைகள் பரவிக் கிடந்தன. தாய்மீன் அவற்றுக்கு மேலே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது.

தீனியக்கா இந்த முறை ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள். இருவரும் கண்ணாடிக்கு முன் நின்றார்கள். ஆண் சேராத முட்டைகள் மாலைக்குள் ஒவ்வொன்றாக வெளுத்துப் பூஞ்சணம் பூத்துப்போயின. தாய்மீன் விசிறிக்கொண்டே இருந்தது.