அக்கா வீட்டு முகவரி

எங்கள் பகுதி மூன்று பட்டியல்களிலும் அடியில் கிடந்தது. பள்ளிக்கூடங்களின் பரீட்சை முடிவுகள் ஒன்று. களவு, கத்திக்குத்து, கார்க் கண்ணாடி உடைப்பு எல்லாவற்றையும் தெருவாரியாகப் புள்ளி வைத்துக் காட்டுகிற பொலிஸ் வரைபடம் இன்னொன்று. எந்த இடத்துச் சனம் எந்த நோயோடு எத்தனை வயது வரை இருக்கும் என்று சொல்லுகிற சுகாதாரப் பட்டியல் மூன்றாவது. மூன்றையும் என் போனில் சேமித்து வைத்திருந்தேன். மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்ப்பேன். பட்டியல்கள் வருடத்துக்கு ஒரு தரம்தான் மாறும். ஆனாலும் பார்ப்பேன்.

நாங்கள் இருப்பது வடக்கு லண்டனில், எட்மண்டனில். அதற்கு முன் டென்மார்க்கில் ஒரு சின்ன நகரத்தில் பதினொரு வருடம் இருந்தோம். அங்கே கதவைச் சாத்திவிட்டுப் பூட்டாமல் கடைக்குப் போகலாம். காய்ச்சல் என்றால் அன்றைக்கே டொக்டரைப் பார்க்கலாம். மகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தேன். நல்ல ஊரை விட்டு வந்து, வந்த இடத்தில் நல்ல ஊர் எங்கே என்று பட்டியலில் தேடிக்கொண்டிருந்த புத்திசாலி நான். வான் ஓட்டிப் பார்சல் கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு நாளைக்கு நூறு வாசலுக்கு மேல் ஏறி இறங்குவேன். எந்தத் தெருவில் எப்படிப்பட்ட சனம் என்று எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு திமிர்.

என் மனைவி எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் சமையலறையில் வேலை செய்தாள். பட்டியலில் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடிக்கக் கீழேயிருந்து தேடினால்தான் சுகம். மகள் ஆறாம் வகுப்பு முடிக்கிற வருடம், அவளை அங்கேயே சேர்க்கலாம் என்று மனைவி சொன்னாள்.

"உந்தப் பட்டியலுக்கு எங்கட பிள்ளையளைத் தெரியுமோ? சாப்பாட்டுத் தட்டை வாங்கேக்க 'தாங்க்யூ மிஸ்' எண்டு சொல்லாத ஒரு பிள்ளையை நான் இன்னும் காணேல்லை."

"தாங்க்யூ சொன்னா யூனிவர்சிட்டியில எடுப்பாங்களோ?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டுவிட்டு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

என் அக்கா இருந்தது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில். அந்த இடத்தின் பெயரை எழுத மாட்டேன். மகள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள். மூன்று பட்டியலிலும் அது மேலே. அக்காவின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அந்த வட்டத்துக்குள் குடியிருந்தால்தான் அதில் இடம். எங்கள் ஆட்கள் இதற்குச் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். அட்ரஸ் கேட்டேன்.

"அட்ரஸ்தானேடா. வீட்டையே எழுதிக் கேக்கிறாய்?" என்றாள் அக்கா. அத்தான் எங்களுக்கு மேல்மாடி அறையை வாடகைக்குக் கொடுத்ததாக ஒரு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வைத்தார். அன்றைக்கு அவர்களைப் போல நல்லவர்கள் உலகத்திலேயே இல்லை என்று நினைத்தேன். உண்மையில் அவர்கள் நல்லவர்கள்தான்.

பள்ளிக்கூட இடம் கொடுக்கிற கவுன்சில்காரர் சும்மா நம்பமாட்டார்கள் என்று எல்லோரும் பயம் காட்டியிருந்தார்கள். அதனால் ஒரு ஓட்டை விடாமல் மாற்றினேன். பாங்க், லைசன்ஸ், பிள்ளைக்கு வருகிற அரசாங்கப் பெனிபிட், கடைசியில் டொக்டர் பதிவும். மூன்று பேரையும் அக்கா வீட்டுக்குப் பக்கத்து டொக்டரிடம் பதிந்தேன். தொலைபேசி எண்ணும் அக்கா வீட்டு எண்ணையே கொடுத்தேன். யாராவது எடுத்துக் கேட்டால் அந்த வீட்டில் ஓம் என்று சொல்ல ஆள் வேண்டுமே. அந்தக் கெட்டித்தனத்தை நினைத்து ஒரு கிழமை என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். மகளுக்கு இடம் கிடைத்தது.

எங்கள் பெயருக்கு வருகிற கடிதங்களை அக்கா ஒரு கடைப் பையில் போட்டு வாசல் கதவுக்குப் பின்னால் கொளுவி வைப்பாள். மாதம் ஒரு தரம் போய் எடுத்து வருவேன். ஒன்றரை வருடம் இது ஒழுங்காக நடந்தது.

மனைவிக்கு மகளை வயிற்றில் சுமந்த காலத்திலிருந்தே சர்க்கரை. இங்கே சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தரம் கண்ணைப் படம் பிடிப்பார்கள். டொக்டர் பதிவு அங்கே என்பதால், அந்த நல்ல பகுதியிலிருந்துதான் அதற்கும் அழைப்பு வந்தது. லீவு போட்டு, நானே வானில் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்கு மருந்து விட்டுப் படம் எடுத்தார்கள். முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகனுக்குப் பிறந்தநாள். அவனும் அதே பள்ளிக்கூடம்தான், மகளுக்கு ஒரு வருடம் மேலே. அங்கே கணிதத்துக்குப் பிள்ளைகளைத் தரம் பார்த்துக் குழு பிரிப்பார்கள். மகள் முதலாம் குழு. அவன் மூன்றாம் குழு. சொந்தக்காரர் எல்லாம் கூடியிருந்த இடத்தில் யாரோ பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். என் வாய் சும்மா இருந்ததா?

"அட்ரஸ் ஒண்டெண்டாலும் மூளை ஒண்டில்லைத்தானே" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். பிறந்தநாள்காரன் கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றான். அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அடுத்த நாள் போன் பண்ணினாள். "இனி என்ர வாசல்ல உன்ர கால் படக்கூடாது. உன்ர கடிதம் பொறுக்க நான் உனக்கு வேலைக்காரியில்லை." நானும் ஏதோ திருப்பிச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. பார்சல் கொடுக்க அதே தெருவுக்குப் போயிருக்கிறேன். அக்காவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வானை நிறுத்திவிட்டு, ஊர்பேர் தெரியாத ஒருவருக்குச் சப்பாத்துப் பெட்டி கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அந்தக் கதவுக்குப் பின்னால் என் மனைவியின் பெயருக்கு வந்த கடிதங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

அவள் கேட்காமல் இருக்கவில்லை. "கண் படம் எடுத்தது என்னெண்டு தெரியேல்லை. மச்சாளிட்ட ஒருக்காப் போய்க் கேளுங்கோவன்" என்று இரண்டு தரம் கேட்டாள். என் அக்கா அவளுக்கு மச்சாள். பிரச்சினை என்றால் அவர்களே கூப்பிடுவார்கள், கூப்பிடவில்லையென்றால் ஒன்றுமில்லை என்றேன். அக்கா வீட்டுத் தொலைபேசிக்குத்தான் கூப்பிடுவார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. மகளுக்கு இடம் கிடைத்த பிறகு, தெரியாத எண் என்றால் அக்கா வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள். மூன்றாவது தரம், தானே போகட்டுமா என்று கேட்டாள். "நீர் அங்க போனா நான் பிழை எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி" என்று மறித்தேன். என் மானம் அப்படிப்பட்ட மானம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது அவள் கஸ்டர்டைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். முதலில் ஒரு தட்டு, பிறகு இன்னொன்று. சமையலறைப் பொறுப்பாளராக இருந்த ஜமைக்காப் பெண்மணி கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, வலது கண்ணைப் பொத்தச் சொன்னாள், பிறகு இடது கண்ணை. இடது கண்ணைப் பொத்தியபோது எதிரே நின்ற ஆளை மனைவிக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்மணி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவளைக் கண் சோதிக்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் பார்த்துவிட்டு அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் வந்து சேருமட்டும் அந்தப் பெண்மணி மனைவியின் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். நான் வாய்க்கு வாய் பழித்த பள்ளிக்கூடம் அது.

வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்து பரவிவிட்டது என்றார்கள். மூன்று நாள் கழித்துப் பெரிய டொக்டரைப் பார்க்க வரச் சொன்னார்கள்.

அன்று பின்னேரமே அக்கா வீட்டு மணியை அடித்தேன். அக்கா கதவைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பையை எடுத்துத் தந்தாள். ஒன்றையும் எறியவில்லை, ஒன்றையும் பிரிக்கவில்லை. வாசலிலேயே இருந்து பிரித்தேன். கண்ணில் கோளாறு தெரிகிறது, லேசர் செய்ய வேண்டும், இன்ன திகதிக்கு வாருங்கள் என்று முதலாவது கடிதம். நீங்கள் வரவில்லை, இன்னொரு திகதி தருகிறோம் என்று இரண்டாவது. இரண்டு தரமும் வராதபடியால் உங்களை மறுபடி உங்கள் டொக்டரிடமே ஒப்படைக்கிறோம் என்று மூன்றாவது. நான் வாசித்துச் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக் கடிதமெண்டு தெரிஞ்சிருந்தா நடந்தெண்டாலும் கொண்டுவந்து தந்திருப்பனேடா!"

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அந்த மூன்று நாளில் இன்னொன்றும் காதில் விழுந்தது. எங்களைப் போலவே அட்ரஸ் கொடுத்துச் சேர்த்த ஒரு தமிழ்ப் பிள்ளையை அதே பள்ளிக்கூடத்திலிருந்து தவணை நடுவில் நிறுத்திவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் உண்மையான அட்ரஸைக் கொடுத்ததால்தான் பிடிபட்டார்கள் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். அது உண்மையோ பொய்யோ இன்றுவரை எனக்குத் தெரியாது. மனைவிக்கும் சொன்னேன். அவள் கண்ணில் கட்டுடன் கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெரிய டொக்டர் தமிழ்நாட்டுப் பெண். எங்கள் பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே பேசத் தொடங்கினார். நீண்ட நேரம் சோதித்தார். கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"வலது கண்ல இனி பெருசா பார்வை வராதும்மா. அன்னைக்கே லேசர் பண்ணியிருந்தா காப்பாத்தியிருக்கலாம். இடது கண்ணும் அதே வழிலதான் போயிட்டிருக்கு. ஆனா அதுக்கு நேரம் இருக்கு."

பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். "மூணு லெட்டர் போயிருக்கு. போன் பண்ணியும் பார்த்திருக்காங்க. ஏம்மா வரவே இல்ல?"

மனைவி கம்ப்யூட்டர் இருந்த பக்கம் பார்த்தாள்.

"லெட்டர் கைக்குக் கிடைக்கலையா? அப்படின்னா சொல்லுங்க, நான் எழுதி வைக்கிறேன். உங்க மேல தப்பு வராது. அட்ரஸ் மாறியிருந்தா இப்பவே மாத்திடலாம். இந்த அட்ரஸ்ல தானே இருக்கீங்க?" என்று கேட்டு அக்காவின் வீட்டு எண்ணையும் தெருவையும் வாசித்தார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். வலது பக்கத்தில் நான் இருந்ததால் முழுதாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போனாள் என்று நான் அவளை இன்னும் கேட்கவில்லை, கேட்க எனக்குத் துணிவில்லை. ஏனென்றால் நான்தான் முந்திக்கொண்டேன்.

"ஓம் டொக்டர், அதே அட்ரஸ்தான். கடிதம் எல்லாம் வந்தது. இவதான் மறந்துபோனா."

டொக்டர் அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஓம்" என்றாள் அவள். "நான்தான் மறந்துபோனன்."

டொக்டர் அதைத் தட்டச்சு செய்தார். பிறகு அவளைப் பேசினார், பொறுமையாக, ஒரு அக்காள் பேசுவது போல. சொந்தக் கண்ணிலேயே இப்படிக் கவனமில்லாமல் இருக்கலாமா, அழைத்தும் வராதவர்கள் உங்கள் பகுதியில் குறைவு, இவ்வளவு வசதி இருந்தும் நம் ஆட்களே இப்படிச் செய்தால் எப்படி என்று. மூன்று பட்டியலிலும் மேலே இருக்கிற அந்த இடத்தின் கணக்கில், கூப்பிட்டும் வராத பொறுப்பில்லாத பெண்ணாக அவள் பதிவானாள். எட்மண்டனின் கணக்கில் அவள் இல்லவே இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றாள். நான் பக்கத்துக் கதிரையில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். என்னைப் போல ஒரு கேவலமான மனிதன் அந்த ஆஸ்பத்திரிக்குள் அன்றைக்கு வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

இடது கண்ணுக்கு லேசர் செய்கிற திகதியை விரைவில் அறிவிப்பதாகச் சொல்லி டொக்டர் எழும்பினார்.

ஆஸ்பத்திரியில் வான் நிறுத்த இடமில்லையென்று பஸ்ஸில்தான் வந்திருந்தோம். மேல்தட்டுக்கு ஏற அவளால் முடியவில்லை. கீழே, வயோதிபர்களுக்கான ஆசனத்தில் இருத்திவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. நாலைந்து தரிப்பிடம் போகுமட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டட்டும் என்று ஆசைப்பட்டேன்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "மற்றக் கண்ணுக்கு வாற கடிதமும் மச்சாள் வீட்டுக்குத்தானே போகும்?"

ஓம் என்றேன்.