பேடி உண்டோ?

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டு, நான் சொன்னதும் பெண்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். காலையில் வந்ததும் என் மேஜையில் காத்திருப்பவை: சிறுநீர்க் குப்பிகள், சளி டப்பிகள், மூடி சரியாகப் பொருந்தாத மலத் தகரங்கள். சென்னையில் இரண்டு வருஷம் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவள் நான். இவற்றில் எதுவும் எனக்கு அருவருப்புத் தந்ததில்லை. சளியில் கிருமி இருந்தால் இருக்கும், இல்லையென்றால் இல்லை. எனக்குக் குமட்டல் வந்தது ஒரு தாளைப் பார்த்து.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகச் சேர்ந்ததற்கு அடுத்த வருஷங்கள் அவை. யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் இன்னும் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். மலைமேல் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்கென்று ஒரு வேலை இருந்தது. காவல். காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் விறகு திருட வருகிறவர்களுக்கும் சேர்த்துக் கையில் ஒரு துப்பாக்கி. பட்டாளத்தானுக்குச் சுடக் கற்றுத்தர வேண்டியதில்லை என்று தோட்டத்து முதலாளிகளுக்குச் சந்தோஷம். லைசென்ஸ் வாங்குவதற்கு மட்டும் சர்க்கார் ஆஸ்பத்திரியின் சான்று வேண்டும்.

இங்கிலீஷில் அச்சடித்த அந்தச் சான்றில் பன்னிரண்டு கட்டங்கள். உயரம், எடை, மார்பளவு, பார்வை, காது என்று போகும். பல்லுக்குக்கூட ஒரு கட்டம் உண்டு. பன்றியைக் கடிக்கவா போகிறான் என்று நான் நினைத்துக்கொள்வேன். சிறுநீரில் சர்க்கரை, சிறுநீரில் ஆல்புமின், இவை இரண்டும் என்னுடையவை. கடைசிக் கட்டம் ‘நரம்பு’. அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி: எந்தக் கட்டமாவது சரியில்லை என்றால் மறுபரிசோதனை முடியும்வரை சான்று செல்லாது. தூக்கம் உண்டா, கனவு உண்டா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இதெல்லாம் கேட்க இடமே இல்லை. நரம்புக் கட்டத்தை நிரப்ப டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதையும் தலை நிமிராமல் கேட்பார்.

நான் சொல்ல வந்தவர் பொன்முடிக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர். திருநெல்வேலியிலிருந்து கொழுந்து பறிக்க வந்து, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் குடியேறிய குடும்பம். அங்கிருந்து பட்டாளத்தில் சேர்ந்து, பர்மாவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, அதே லயத்து அறைக்குத் திரும்பியிருந்தார். முப்பது வயதிருக்கும். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். கூடவே மனைவி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கோயிலில் வெடி வழிபாடு உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் பெயர் சொல்லிச் சீட்டு வாங்கினால், இரும்புக் குழாயில் மருந்து கிட்டித்து வெடிப்பார்கள். எங்களுக்கெல்லாம் அது மணியடிப்பது மாதிரி, காதிலேயே விழாது. அன்று காலை முதல் வெடி போட்டதும் வராந்தாவில் ஒரு பெஞ்சு சாய்ந்தது. எட்டிப் பார்த்தேன். அவர் தரையில் கவிழ்ந்து கிடந்தார். ஒரு கை குழந்தையின் தலைமேல்; இன்னொரு கை சிமெண்டுத் தரையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தது. துப்பாக்கியைத்தான் என்று எனக்குப் பிறகு புரிந்தது.

வராந்தா முழுவதும் சிரித்தது. நோயாளிகள் சிரித்தார்கள், கட்டுப் போடுகிறவர் சிரித்தார். அட்டெண்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: “எழுந்நேல்க்கு பட்டாளம், கணபதிக்கு வெடி போட்டதாக்கும். ஜப்பான்காரன் வந்நிட்டில்ல.” காசநோய்க்காரர் ஒருவர் சிரிப்போடு இருமி, துப்பியதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவருடைய சளியைத்தான் நான் மறுநாள் சோதித்தேன். சளியைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தச் சிரிப்புதான் ஒரு வாரம் தொண்டையில் நின்றது.

சிறுநீர்க் குப்பியை மனைவிதான் கொண்டுவந்தாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்ணுக்கு அவள் அறிந்த பெயர் நர்ஸ் மட்டும்தான். நான் விளக்கைப் பற்றவைக்கும்வரை நின்றுவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

“அருவாமணையை அடுத்த வீட்டுல குடுத்து வச்சிருக்கேன், நர்சம்மா. கைக்கு எட்டாத எடத்துல வையிட்டின்னு அவுகதான் சொன்னாக. இப்பம் தோக்கையே கொண்டாந்து கையில குடுக்கப் போறாக.”

துப்பாக்கி வேண்டாம் என்று அவரே சொல்லிவிடலாமே என்றேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் பெயரைக் கொடுத்தாராம். பட்டாளத்தான் துப்பாக்கி வேண்டாம் என்றால் லயமே சிரிக்குமாம். டாக்டரிடம் நீயாவது சொல் என்றேன். பெண்களை உள்ளே விடமாட்டார்கள் என்றாள். அது உண்மைதான்.

நான் உள்ளே போகலாம். முடிவுச் சீட்டைக் கொடுக்கப் போனபோது அவர் டாக்டர் முன்னால் விறைப்பாக நின்றிருந்தார். டாக்டர் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தார்.

“பேடி உண்டோ?”

மலையாளத்தில் பேடி என்றால் பயம். இருட்டில் அழும் குழந்தையிடம்கூட அப்படிக் கேட்பார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. தமிழில் அது வேறு சொல். ஆண்பிள்ளையே இல்லை என்று முகத்தில் உமிழ்கிற வசவு. நாஞ்சில் நாட்டு வீட்டில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான், இரண்டும் தெரியும். மலை லயத்தில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்தவருக்கு எது கேட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதுவும் வராந்தாவில் நடந்ததற்குப் பிறகு. குதிகால்கள் சேர்ந்தன.

“நான் பேடி இல்ல சார்.”

டாக்டர் காதில் ‘இல்ல’ மட்டும் விழுந்தது. ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இடையில் புகுந்து நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சீட்டை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். நரம்பு என்னுடைய கட்டமல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று என்மேல் எனக்கு வந்த அருவருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவ முடியவில்லை.

மாலை என் நோட்டில் யார் யாரிடம் பேசுவது என்று எழுதிக்கொண்டேன். முதலில் டாக்டர். இரண்டு சொற்களின் வித்தியாசத்தை அவரிடம் விளக்கினேன். ரசித்துக் கேட்டார், வீட்டில் சொல்லிச் சிரிக்க ஒன்று கிடைத்த மாதிரி. பிறகு, உன் இரண்டு கட்டமும் சரியாகத்தானே இருக்கிறது, அதைப் பார்த்தால் போதும் என்றார். அடுத்தது பட்டாளத்தாரின் நலனுக்கென்று இருந்த ஒரு ஆபீஸ். அங்கே குமாஸ்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “கால் போயவனுக்குக் கால் தரும், கண்ணு போயவனுக்குக் கண்ணாடி தரும். உறக்கம் போயவனுக்கு எந்தாணு குட்டி தருக?” என்று என்னையே கேட்டார். பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் கேட்டைக் காட்டிக்கொடுக்கலாம், ஆனால் அங்கே போனவன் பெண்டாட்டிக்கு லயத்தில் இடமிருக்காது என்றும் சொன்னார். மூன்றாவதாக எழுதியிருந்த போலீஸ் ஸ்டேஷனில் என்னை உட்காரச் சொல்லவில்லை. சம்பவம் நடந்த பிறகு வரச் சொன்னார்கள். நோட்டில் மூன்று பெயரையும் அடித்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கொக்கிப்புழுச் சோதனைக்காக எங்கள் கூடத்திலிருந்து நாலு பேரை மலைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். என் பட்டியலில் அந்தத் தோட்டமும் இருந்தது. ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு, லயத்திலிருந்து வந்த தகர டப்பாக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது அந்த மனைவி வந்தாள். ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மண்சுவர். அதில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் சின்னச் சின்னப் பொத்தல்கள். அந்தப் பக்கம் பார்த்தால் ஒரு சர்க்கரை டப்பா நசுங்கிக் கிடந்தது. தூளி கட்டும் கயிறு ஓட்டைக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கியது. நாலு நாளைக்கு முன்னால், நடுப்பகலில், மேட்டில் ஏறிய லாரியின் டயர் வெடித்ததாம். ராக் காவல் முடிந்து படுத்திருந்த அவர் திடுக்கிட்டு எழுந்து சுட்டுவிட்டார். குழந்தை அப்போது தூளியில் இல்லை. இவள் துணி துவைக்கப் போனபோது அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

கணக்கப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். தெரியும் என்றார். “கை வேகம் போகல்ல பாத்தீங்களா? பன்னி தப்புமா?” என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்த வராந்தாச் சிரிப்பு மலைக்கும் வந்திருந்தது.

பட்டாளத்தார் தம் வீட்டின் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடியில் இருந்தது. எதிரே கொஞ்சம் தள்ளி நின்றேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது; அதற்கு யாரும் எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. வரிசையாகக் கேட்கத் தெரியும். கேட்டேன். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், எந்தச் சத்தம் ஆகாது, எழுந்தால் கை எங்கே போகிறது. எல்லாவற்றுக்கும் பட்டாளத்து மேலதிகாரிக்குச் சொல்வதுபோல் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். பிறகு சொன்னேன்.

“டாக்டர் உங்களை ஏசலை. அவர் பேசினது மலையாளம். அதுல பேடின்னா பயம். பயமா இருக்கான்னுதான் கேட்டார்.”

வாய்க்குள் அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லிப் பார்த்த மாதிரி இருந்தது.

“பயம்னா,” என்றார், “அது இருக்கு. வேற என்ன இருக்கு எங்கிட்ட?” பிறகு, “இதை யாருகிட்டத் திருப்பிக் குடுக்கணும்?” என்றார்.

மூன்று பேரும் ஆபீசுக்கு நடந்தோம். துப்பாக்கியை மடக்கி, தோட்டாவைத் தனியாக மனைவி கையில் கொடுத்திருந்தார். கணக்கப்பிள்ளை வாங்கிக்கொள்ளவில்லை. சான்றை எடுத்து என் முன்னால் போட்டார். நரம்பு, ஒன்றுமில்லை. சர்க்கார் டாக்டர் கையெழுத்து. பயமாக இருக்கிறது என்று சொல்கிறவனுக்கு இங்கே வேலையும் இல்லை, வீடும் இல்லை என்றார். நோய் என்றால் வேறு வேலை கொடுப்பது தோட்டத்து வழக்கமாம், பயம் நோயில்லையாம்.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொடி எழுத்து விதியைப் படித்தேன். பிறகு அவரிடம் ஒரு குப்பியைக் கொடுத்து, சிறுநீர் எடுத்துவரச் சொன்னேன்.

கணக்கப்பிள்ளை பார்க்கவே ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். நீலக் கரைசல் ஐந்து சி.சி. சிறுநீர் எட்டுச் சொட்டு. குழாய் கொதித்தது. சர்க்கரை இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வரும். இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். வானம் மாதிரி நீலமாகவே இருந்தது.

“எந்தக் கலர் வந்தா கெட்டது?” என்று கேட்டார் கணக்கப்பிள்ளை.

“இந்தக் கலர் வந்தா,” என்றேன்.

சீட்டில் சர்க்கரை இருக்கிறது, மாதம் ஒரு முறை மறுபரிசோதனை என்று எழுதி நேரமும் குறித்துக் கையெழுத்துப் போட்டேன். சான்று செல்லாமல் போயிற்று. துப்பாக்கி ஆபீஸ் அலமாரிக்குப் போயிற்று. அவரை நாற்றுப் பண்ணையில் களையெடுக்கப் போட்டார்கள். ஒரு மனிதன் மனசு பதறியதை எழுத அந்தத் தாளில் இடமில்லை. அவன் மூத்திரம் கெட்டது என்றதும் மொத்தத் தோட்டமும் நம்பியது. கீழே இறங்குகிற வளைவுகளில் இரண்டு தடவை வாந்தியெடுத்தேன். பஸ் ஆட்டம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு அவர் மாதாமாதம் குப்பியோடு வந்தார். வராந்தாவில் உட்கார வைக்காமல் என் அறையிலேயே ஸ்டூல் போட்டேன். கோயில் சீட்டுக்காரரிடம் கேட்டு வெடி போடும் நேரங்களைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். “இன்னும் ரெண்டு நிமிஷம்” என்பேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்வார். வெடி போனதும் கையை எடுப்பார். நடுநடுவே ஏதாவது சொல்வார்: ஒரு ஆறு, ஒரு குழி, குழிக்குள் இரண்டு நாள் பேச்சுக் கொடுத்தும் பதில் சொல்லாத பக்கத்து ஆள். நான் சொட்டுகளை எண்ணிக்கொண்டே கேட்பேன். லயத்தில் அவருக்குக் கருப்பட்டி இல்லாத காப்பிதான் கிடைக்கிறது என்று ஒருமுறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, வேறொருவருடைய குழாய் தாங்கியில் செக்கச்செவேலென்று நின்றது. அது என்ன என்று கேட்டார். சர்க்கரை என்றேன். தன்னுடையதைப் பார்த்தார்.

“என்னது நீலம்லா?”

அவருடைய குழாயைத் தாங்கியில் வைத்தேன்.

“இந்த மாசமும் எழுதிருதீயளா?”

எழுதுகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டு எழுந்து வெளியே போனார். வராந்தா பெஞ்சில் காவல் வேலைச் சான்றுக்காக இன்னொரு பட்டாளத்தான் உட்கார்ந்திருந்தான். முட்டி ஆடிக்கொண்டே இருந்தது. இவர் அவன் பக்கத்தில் குனிந்து பேசியதை ஜன்னல் வழியாகக் கேட்டேன். “உள்ள அவரு பேடி உண்டான்னு கேப்பாரு. ஏசுதாருன்னு நெனைக்காத. பயத்தைத்தான் கேக்காரு. உள்ளதைச் சொல்லிரு தம்பி.”

அவன் உள்ளே போனான். கதவு திறந்தே இருந்தது. கேள்வி வந்தது. “கொஞ்சம் உண்டு சார்” என்றான்.

“கொஞ்சமோ? அது சாரமில்ல,” என்றார் டாக்டர். அப்படியென்றால் பரவாயில்லை என்று அர்த்தம். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. ஒன்றுமில்லை.

அட்டெண்டர் அவனுடைய குப்பியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். எட்டுச் சொட்டு விட்டேன். கொதிக்கவைத்தேன். நீலம். சீட்டுக் கட்டை இழுத்து, பேனாவைத் திறந்தேன்.